வடிவம்மாவின் பூச்சாடி வான் பாய்ந்த விபரம்

சிவமயம்

பரந்தன்,
18.07.2004

அன்புள்ள தங்கச்சி வடிவம்மாவுக்கும் மச்சான் யோகலிங்கத்துக்கும் பிள்ளைகளுக்கும், அண்ணன் தில்லைநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. பிள்ளையாரின் புண்ணியத்தில் இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். கனடாவில் நீங்களும் சுகமாயிருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தோறும் உங்கள் பெயரில் ஒரு தேங்காய் உடைபட்டு, பிறகு எங்கள் வீட்டிலேயே சம்பலாகிறது. 'மனிதர்கள்' என்று நான் பிரித்து எழுதியிருப்பதைக் கண்டிருப்பாய். சின்ன வயதிலேயே நீ வலு கெட்டிக்காரி. ஓம், இது செடியைப் பற்றிய கடிதம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தி ரெலிபோன் கடைக்கு நீ எடுக்கும்போது உன் முதல் கேள்வி, செடி எப்படி அண்ணா என்பது. நல்லாயிருக்கு என்று நான் சொல்லுவேன். இப்படிப் பதினாறு ஞாயிறு சொல்லியிருக்கிறேன். அதில் முதல் மூன்றும் சத்தியமான உண்மை. மிச்சப் பதின்மூன்றையும் சொல்ல வாய் வந்தது, எழுதக் கை வராது, அதனால்தான் கடிதம். அந்தக் கடையில் நின்று உள்ளதைச் சொல்லவும் முடியாது. தங்கள் தங்கள் அழைப்புக்காக ஏழெட்டுப் பேர் பின்னால் வாங்கிலில் குந்தியிருப்பார்கள். நான் ரிசீவரைக் காதில் வைத்ததும் செடியின் சுகம் கேட்பதற்காகவே தங்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். போன கிழமை நான் பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்துவிட்டேன். பின்னாலிருந்த ஒரு மனுசி, "நல்லாயிருக்கு எண்டு சொல்லுங்கோவன், மற்றாக்களும் நிக்கினம்" என்று எனக்கு எடுத்துக் கொடுத்தா.

நான் ஏன் பொய் சொன்னேன் என்பது உனக்கு விளங்க வேண்டும். பங்குனியில் நீ வந்து திரும்பும்போது இரண்டு விசயம் சொன்னாய். செடியைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்பது ஒன்று. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அரசாங்கம் தந்த காணிப் பேமிற்றை உங்கள் பெயருக்கு மாற்றக் கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்பது மற்றது. ஐயா குடியேற்றத் திட்டத்தில் காடு வெட்டி எடுத்த மூன்று ஏக்கர் வயலையும் இந்த வீட்டுக்காணியையும், கடைசிப் பிள்ளைதான் பக்கத்தில் இருந்து பார்ப்பாள் என்று உன் பெயருக்கு எழுதிவைத்தார். கடைசிப் பிள்ளை எண்பத்தாறில் விமானம் ஏறினாள். வயலை உழுதவனும், தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து இந்த வீட்டை விட்டு ஓடினவனும், கூரையும் யன்னலும் இல்லாமல் கிடந்ததைத் திரும்பி வந்து தகரம் போட்டு நிமிர்த்தினவனும் நான். சட்டப்படி நான் உன் வீட்டில் இருக்கிற விருந்தாளி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வாகனத்தில் ஏறமுதல் படலையடியில் நின்று நீ சொன்னதை மறக்கவும் இல்லை. "செடியை வைச்சுத்தான் பாப்பன் அண்ணா, என்ரை சாமானை எப்பிடிப் பாக்கிறியள் எண்டு." நீ சிரித்துக்கொண்டு சொன்னாய், நாங்களும் சேர்ந்து சிரித்தோம். வாகனம் திரும்பினதும் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

இனிச் செடிக்கு வருகிறேன். சுற்றிவரப் பாலையும் முதிரையும் வேம்பும் நிற்கிற ஊரில், வீட்டுக்குள்ளேயும் ஒன்று நிற்க வேண்டும் என்று கொழும்புக் கடையில் வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒருவர் மண்ணைக் கம்பியால் குத்திப் பார்த்தார், இங்கால் வந்ததும் இன்னொருவர் குத்திப் பார்த்தார். அதற்கு வேர்ப்பயம் அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும். நீட்டுப் பச்சை இலை, நடுவில் வெள்ளைச் சேலைத் தலைப்பு மாதிரி ஒரு பூ. இங்கிலீசில் அதன் பெயர் சமாதானம் என்று வருமென்று நீ ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போனாய். அதுதான் முதல் பிழை. சமாதானம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் பங்குக்கு ஒரு கை தண்ணீர் விட்டுவிட்டுத்தான் போனார்கள். கிணறு எண்ண வெள்ளை வாகனத்தில் வந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்கூட, பெயரைச் சொன்னதும் சந்தோசப்பட்டு, தங்கள் போத்தலில் இருந்து கொஞ்சம் ஊற்றிப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் பிறகு வரவில்லை.

நீ எழுதி வைத்த பன்னிரண்டு கட்டளைத் தாளைச் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவி வைத்தேன். நாலாவது கட்டளை, கிழமைக்கு ஒருதரம் ஒரு கப் தண்ணீர், மிதமாக. ஒன்பதாவது, நாளுக்கு ஒருதரம் செடியோடு அன்பாகக் கதைக்கவும். ஒன்பதாவதை வாசித்துக் காட்டியபோது உன் அண்ணி கமலாட்சி குசினிக்குள் இருந்து, "எங்களோடை ஆர் கதைக்கினம்?" என்று கேட்டா. அவவின் சுபாவம் உனக்குத் தெரியும். நாலாவதுதான் எனக்குச் சிக்கல். இருபத்தாறு வருடம் குளத்துக் கட்டில் நின்று துருசுக் கதவு திறந்து பூட்டினவன் நான். இந்தக் கையால் ஒரு சில்லைச் சுற்றினால் பத்துக் கட்டை தூரத்தில் நெல் தலை நிமிரும். அப்படிப்பட்டவனுக்கு, உயிருள்ள ஒரு பொருள் ஏழு நாளைக்கு ஒரு கப்போடு சீவிக்கும் என்று எழுதிவைத்தால் எப்படி நம்புவது? கனடாவில் தண்ணீருக்கும் கணக்கு எழுதுவார்கள் என்று கேள்வி, அந்தப் பழக்கத்தில் எங்கள் தங்கச்சி கை சுருக்கிவிட்டாள் என்றே நினைத்தேன். 'மிதமாக' என்றால் எங்கள் தொழிலில் அரைக் கதவு. அரைக் கதவு திறந்தேன்.

எங்கள் குடும்பத்துப் பழக்கமும் ஒன்று இருக்கிறது, அதை நீ கனடாவில் மறந்திருப்பாய். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து கிணற்றுத் தண்ணீரை எண்ணி எண்ணிக் குடித்து வந்த ஆட்கள். குளித்த தண்ணீர் வாழைக்கு, முகம் கழுவினது தேசிக்கு, அரிசி கழுவினது மாட்டுக்கு. பேணியில் மிஞ்சினதை வெறும் நிலத்தில் ஊற்றினால் அம்மாவின் குட்டு விழும். வீட்டுக்குள்ளேயே ஒரு செடி, அதுவும் வருகிறவர்கள் இருக்கிற கதிரைக்குப் பக்கத்தில் நின்றால் என்ன நடக்கும்? கல்யாணம் சொல்ல வந்தவர், தபால் கொண்டுவந்தவர், வயலில் மாடு இறங்கினதுக்கு நியாயம் கேட்க வந்தவர், எல்லோரும் அரைப் பேணி குடித்தார்கள், மிச்ச அரைப் பேணியைப் புண்ணியமாகச் செடிக்கு விட்டார்கள். ஒருவர் தேத்தண்ணியும் விட்டார், சீனி போட்டது. எறும்பு வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

இந்த ஒழுங்கீனத்தைப் பார்த்துக்கொண்டு என்னைப் போன்ற ஒரு தொழில் தெரிந்தவன் இருக்க முடியாது. ஆகவே வயலுக்கு வைப்பது போல முறை வைத்தேன். திங்களும் வியாழனும் என் முறை, செவ்வாயும் வெள்ளியும் கமலாட்சி, மற்ற நாட்கள் வருகிறவர்களுக்கு. நினைத்துப் பார், எவ்வளவு நேர்மையான ஏற்பாடு. ஆனால் முறைத் தண்ணீரின் குணத்தை நானே மறந்துபோனேன். முறையை விட்டுக்கொடுத்த கமக்காரன் எங்காவது உண்டா? வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் தன் முறை வந்தால் மடையை வெட்டித்தான் தீருவான். இன்றைக்கு விட்டால் நாளைக்கு உரிமை போய்விடும். முறை வைத்த நாளில் இருந்து செடிக்குப் போன தண்ணீர் மூன்று மடங்காகியது. முறைக்காரர் முறைக்கு ஊற்றினார்கள், முறையில்லாதவர்கள் களவாக ஊற்றினார்கள்.

நாலாம் கிழமை இலை தொங்கிவிட்டது. தலை தொங்கினால் தாகம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இன்னும் ஊற்றினோம். பிறகு மஞ்சள் அடித்தது. நெல் மஞ்சள் அடித்தால் யூரியா. ஒரு பிடி போட்டேன். மஞ்சள் மண்ணிறமாகியது. இந்த நேரத்தில்தான் ஏரம்பு அண்ணை உள்ளே நுழைந்தார். எங்கள் வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர், உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தண்ணீர் வரவில்லை என்று படலையில் நின்று கத்துவார். நான் பென்சன் எடுத்து ஆறு வருடமாகியும் அவர் அந்த வழக்கைக் கைவிடவில்லை. செடியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தில்லையர் துருசிலை நிக்கேக்கை என்ரை நெல்லும் உப்பிடித்தான் நிண்டது" என்றார். சொல்லிவிட்டு, கமலாட்சி அவருக்குக் குடிக்கக் கொடுத்த செம்பை அப்படியே சாடிக்குள் கவிழ்த்தார். அன்றிலிருந்து தினமும் வரத் தொடங்கினார்.

உன் சாடியைப் பற்றியும் ஒரு சொல். செடி நின்ற பிளாஸ்ரிக் சாடிக்கு அடியில் ஓட்டை இருந்தது. ஆனால் அதை நீ ஒரு வெள்ளைப் பீங்கான் சாடிக்குள் இறக்கி வைத்தாயே, அந்தப் பீங்கானுக்கு ஓட்டை இல்லை. துருசும் இல்லாமல், மிஞ்சின தண்ணீர் வழிய வானும் இல்லாமல் குளம் கட்டுகிற எஞ்சினியரை என் சீவியத்தில் நான் கண்டதில்லை. நாங்கள் ஊற்றிய தண்ணீர் எல்லாம் வெளியில் தெரியாமல் அதற்குள் தேங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் விடியக்காலை நிறைந்து விளிம்பால் வான் பாய்ந்தது. சீமெந்து நிலமெல்லாம் தண்ணீர். கமலாட்சி அதில் வழுக்கி விழுந்து, தொண்ணூற்றாறில் ட்ராக்டர் பெட்டியால் விழுந்த அதே முழங்கால் வீங்கி, ஏதோ எண்ணெய் போட்டா. அது கிடக்கட்டும். சாடிக்குள் பார்த்தால் நுளம்புக் குஞ்சுகள் நீந்துகின்றன, அழுகின முட்டை மணம் அடிக்கிறது, உன் வெள்ளைப் பூ பழைய பாக்குச் சீவல் மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. பூ போனால் போகட்டும், பேமிற் போய்விடுமே என்று அழுகை வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்தக் கிழமைதான் சீத்தைத் துணி விற்கிற ஹலீம் நானா வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள், தொண்ணூறில் வெளிக்கிட்டுப் புத்தளத்து அகதி முகாமில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, பாதை திறந்த பிறகு திரும்பி வந்திருக்கிறார். அவருடைய மனுசி றம்லாவும் கூட வந்திருந்தா. நான் சட்டைத் துணி பார்த்துக்கொண்டிருக்க, அவ துணியை விட்டுவிட்டுச் செடிக்கு முன்னால் குந்தினா. மண்ணுக்குள் விரலை விட்டு, எடுத்து மணந்து பார்த்தா. "இதுக்குத் தாகம் இல்ல ஐயா. மூச்சு விட ஏலாமல் கிடக்குது" என்றா. வேருக்கும் காற்று வேண்டுமாம். மண் எந்த நேரமும் ஈரமாயிருந்தால் வேர் அழுகும், அழுகின வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு தாகத்தில் தொங்குமாம். ஈர மண்ணில் இலை தொங்கினால் நிறுத்த வேண்டும், காய்ந்த மண்ணில் தொங்கினால் ஊற்ற வேண்டும், விரலின் இரண்டாவது மடிப்பு வரைக்கும் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செம்பைத் தொட வேண்டும். இன்னும் ஊற்றினால் செத்துப்போகும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. ஏரம்பு அண்ணைக்கும் கேட்டது, கமலாட்சிக்கும் கேட்டது. எனக்குக் கொஞ்சம் ரோசமாக இருந்தது. இருபத்தாறு வருடம் தண்ணீர் விட்ட எனக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உங்களுக்கு நிலம் இருந்தது ஐயா. எங்களுக்கு அங்க டின்தான் இருந்தது. அடியில ஓட்டை போடாட்டி மிளகாய்க் கன்று செத்துப்போகும்" என்றா.

உடனே கூட்டம் கூட்டினேன். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில் கமக்காரரை எல்லாம் இருத்தி, சிறுபோகத்துக்கு யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று தீர்மானம் எடுப்போமே, அதே முறைப்படி விறாந்தையில் ஒரு சிறுபோகக் கூட்டம். தலைமை நான். பதினான்கு நாட்களுக்கு இச்சாடிக்கு நீர் விநியோகம் அறவே நிறுத்தப்படுகிறது என்று பிரேரணை வைத்தேன். ஏரம்பு அண்ணை எழும்பி நின்று எதிர்த்தார். அவருக்குச் செடி என்பது கடைக்காணி, நான் இன்னும் துருசுக்காரன். வாயில்லாத சீவனுக்குத் தண்ணீர் வெட்டுகிற இதே கைதான் எழுபத்தொன்பதில் தன் பயிரையும் எரித்தது என்று தொடங்கி, அந்த வருடத்துக் கதை முழுவதும் சொல்லி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. கமலாட்சி குசினி வாசலில் காலை நீட்டிக்கொண்டு இருந்து முருங்கையிலை உருவினா, ஓமென்றும் சொல்லவில்லை இல்லையென்றும் சொல்லவில்லை. எதிர்ப்பு ஒன்று, ஆதரவு ஒன்று, தலைவரின் மேலதிக வாக்கால் பிரேரணை நிறைவேறியது.

இனித்தான் மர்மம். தீர்மானம் எடுத்து மூன்றாம் நாள் விடிய விரலை விட்டுப் பார்க்கிறேன், ஈரம். ஐந்தாம் நாளும் ஈரம். பீங்கான் சாடியைக் கழற்றித் தனியே வைத்தேன், அப்பவும் ஈரம். யார் என்று நான் யோசிக்கத் தேவையில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவன் வாய்க்காலை வெட்டினவர் ஒருவர்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவருக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினேன். பேணி நீட்டாத வீடு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். செடியைச் சுற்றிச் சாம்பல் தூவி வைத்தேன், பாத அடையாளம் விழட்டும் என்று. கமலாட்சி விடிய எழும்பி முதல் வேலையாக அதைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டா. பிறகு சாமி அறைக்குள் வைத்துக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். திறப்பை என் இடுப்பில் கட்டினேன், மற்றத் திறப்பு வழக்கம்போல் குசினி ஆணியில். அப்பவும் ஈரம். ஏரம்பு அண்ணை யன்னலால் குழாய் விட்டு ஊற்றுகிறார் என்ற முடிவுக்கு வந்து, யன்னலுக்குத் தகரம் அடித்தேன். சாமி அறை இருட்டாகிவிட்டது. பிள்ளையார் மன்னிப்பார்.

மூன்று இலை மிஞ்சின கட்டத்தில் ஹலீம் நானாவும் றம்லாவும் திரும்ப வந்தார்கள். இந்த முறை அவ கேள்வி கேட்கவில்லை, பேப்பரை விரித்துச் செடியைச் சாடியோடு கவிழ்த்துத் தட்டினா. கறுத்து, கூழாகி, தொட்டால் கழன்றுவருகிற வேர். சுடுதண்ணியில் கழுவின கத்தரிக்கோலால் அழுகினது எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, வெள்ளையாகக் கெட்டியாக இருந்த நாலைந்து வேரை மட்டும் விட்டா. மஞ்சள் இலைகளையும் வெட்டினா. பழைய மண்ணில் ஒரு பிடியும் சேர்க்கவிடவில்லை. ஆற்று மணல், தேங்காய்ப் பொச்சுத் தும்பு, உடைத்த அடுப்புக் கரி, கொஞ்சம் தோட்டத்து மண் கலந்து, அடியில் ஆணியால் ஐந்து ஓட்டை போட்ட பால்மா டின்னில் நட்டு, அந்த டின்னை இரண்டு ஓட்டுத்துண்டின் மேல் உயர்த்தி வைத்தா. ஒரே ஒருதரம் தண்ணீர் விட்டு, அடியால் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தா. யூரியா போட்டது யார் என்று மட்டும் கேட்டா. நான் முற்றத்தைப் பார்த்தேன். போகமுதல் கமலாட்சியோடு குசினிக்குள் கனநேரம் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தா, பெண்களின் கதை, நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து மண் சொன்னபடி காய்கிறது. என் பூட்டும் தகரமும் கடைசியில் வேலை செய்துவிட்டன, ஏரம்பு அண்ணை தோற்றுப்போனார் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். பழைய இலைகளில் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. முந்தநாள் நடுவில் ஒரு புது இலை சுருளாக வந்திருக்கிறது, வெற்றிலைச் சுருள் அளவு. பூ இல்லை. பீங்கான் சாடி கோழிக்குத் தண்ணீர் வைக்க உதவுகிறது. ஆக, தங்கச்சி, உன் செடி செத்துப் பிழைத்திருக்கிறது. பதின்மூன்று ஞாயிறு பொய் சொன்னதுக்கு உன் அண்ணன், அறுபத்துநாலு வயதில், கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். இதை வைத்து எங்களை அளக்காதே. ஆவணி பத்தாம் திகதி வருவதாகச் சொன்னாய். அன்றைக்கே கந்தோருக்குப் போய்க் கையெழுத்தை வைத்துவிட்டால், நாங்கள் இனி எஞ்சிய காலத்தை எங்கள் வீடு என்று சொல்லி இருந்துவிட்டுப் போவோம். உனக்குப் பிடித்த ஒடியல் கூழுக்கு ஆயத்தம் செய்து வைப்போம்.

மச்சானின் சலரோகம் கட்டுப்பட்டு, பிள்ளைகள் படிப்பில் முன்னேறி, பனியில் வழுக்கி விழாமல் நீங்கள் எல்லோரும் நூறு வயது வாழப் பிள்ளையார் துணை. கமலாட்சியும் விசாரித்ததாக எழுதச் சொன்னா என்று நானே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உன் நன்மையை விரும்பும் அண்ணன்,
சி. தில்லைநாதன்

பி.கு.: எழுதி முடித்ததை வழக்கம்போல் கமலாட்சிக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். அவ கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. ஏரம்பு அண்ணை தோற்றுப்போன இடம் வந்ததும், "அது ஏரம்பண்ணை இல்லை. நான்தான் ஊத்தினனான்" என்றா. தெரியாமல் ஊற்றியிருப்பா என்று நினைத்தேன்.

"தெரிஞ்சுதான் ஊத்தினனான். தண்ணி கூடினால் செத்துப்போம் எண்டு றம்லா சொன்னவள் எல்லோ, அண்டையிலையிருந்து விடிய நோவுக் குளிசை விழுங்கிப்போட்டு மிச்சத் தண்ணியை அதுக்கு ஊத்தினனான். கிழமைக்குக் கிழமை செடி எப்பிடி, செடி எப்பிடி எண்டு அங்கையிருந்து கேக்கினம். அதின்ரை தண்ணியிலை விழுந்தவள் எப்பிடி எண்டு அங்கையும் ஒருத்தரும் கேக்கேல்லை, இஞ்சையும் ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டவள் ஆர்? சீத்தை விக்க வந்தவற்றை மனுசி. குசினிக்குள்ளை இருத்தி, காலைத் தடவிப் பாத்து, என்னக்கா இது எண்டு கேட்டவள். அண்டையோடை ஊத்துறதை விட்டிட்டன்."

செடி செத்திருந்தால் காணி போயிருக்குமே என்றேன். போனால் போகட்டும், முள்ளியவளையில் மூன்று வருடம் தறப்பாளுக்குக் கீழே இருந்தனாங்கள்தானே, இருக்கத் தெரியும் என்றா. பிறகு எழும்பி நொண்டிக்கொண்டு குசினிக்குப் போனா. அவ நொண்டுகிற விதம் மாறியிருப்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இத்தனை பக்கத்தில் அவவின் காலுக்கு ஒரு வசனம். அதற்குப் பின்னால் நானே என் கையால் 'அது கிடக்கட்டும்' என்று எழுதியிருக்கிறேன். இதைக் கிழித்துப் புதிதாக எழுத நேரமில்லை. கொழும்புக்குப் போய்த் தபாலில் போடுகிறேன் என்ற அப்புத்துரை படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறார். ஆகவே நீயே பேனை எடுத்துத் திருத்தி வாசி. ஏரம்பு அண்ணையைக் கள்ளன் என்று எழுதிய இடமெல்லாம் வெட்டு. அவரிடம் நான் போய் மன்னிப்புக் கேட்பேன். எழுபத்தொன்பதாம் ஆண்டையும் சேர்த்துக் கேட்பார், கொடுப்பேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்ட இடத்தையும் வெட்டு. அது விலாசம் மாறிப் போய்விட்டது. 'இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம்' என்ற முதல் பந்தியை முழுதாக வெட்டு.

ஆவணி பத்தாம் திகதி நாங்கள் வீட்டில் இருக்கமாட்டோம். வவுனியாவில் எலும்பு டொக்டர் அன்றைக்குத்தான் பார்ப்பாராம், கமலாட்சியைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போகிறேன். பேமிற் படிவம் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கும், கையெழுத்து வைப்பதும் விடுவதும் உன் விருப்பம். திறப்பு ஏரம்பு அண்ணையிடம். பத்தாம் திகதி செடிக்கு முறை உன்னுடையது. முதலில் விரலை விட்டுப் பார். காய்ந்திருந்தால் ஒரு கப், மிதமாக.